ஆம்பியர் வாட் ஆன கதை

கல்லூரியில் மின்னியல் பாடம் தொடங்கியதும், ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் யாரேனும் ஒரு மாணவர் எழுந்து நின்று இப்படிக் கேட்பார்: “சார், ஒரு கம்பி வழியாக வீட்டுக்குள் வருகிற மின்னோட்டம் முழுவதும் இன்னொரு கம்பி வழியாகத் திரும்பிப் போய்விடுகிறது என்கிறீர்கள். துளிகூட நாம் எடுத்து வைத்துக்கொள்வதில்லை. பிறகு எதற்காகப் பணம் கட்டுகிறோம்?”

வகுப்பு சிரிக்கும். ஆனால் கேள்வி சிரிப்புக்குரியதன்று. வீட்டுக்குள் வரும் கம்பியில் ஓர் அம்மீட்டரையும் வெளியேறும் கம்பியில் மற்றோர் அம்மீட்டரையும் இணைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே அளவைத்தான் காட்டும். மின்னோட்டம் செலவாவதே இல்லை. அப்படியானால் மின்சாரத்தை விற்பவர் எதை விற்கிறார்? வாங்குபவர் எதை வாங்குகிறார்? எதை அளந்தால் இருவருக்கும் நியாயம்? இந்தக் கேள்விகளுக்குத் தெளிவான விடை கிடைக்க உலகிற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் பிடித்தன.

மின்னோட்டத்தின் அளவான ஆம்பியரிலிருந்து மின்திறனின் அளவான வாட்டுக்கு மனிதர் வந்து சேர்ந்த அந்த வரலாற்றை இங்கே பார்ப்போம். அதைத் தெரிந்துகொண்டால் மின் கட்டணக் கணக்கு மட்டுமன்று, உங்கள் வீட்டுச் சுவரிலுள்ள பிளக்கில் எதைச் செருகலாம், எதைச் செருகக்கூடாது என்பதும் விளங்கும்.

ஓடையும் சக்கரமும்

ஓர் ஓடையில் மாவரைக்கும் நீர்ச்சக்கரம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தின் மேல் விழும் நீர் அவ்வளவும் கீழே ஓடையில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சக்கரம் ஒரு குவளை நீரைக்கூடக் குடிப்பதில்லை. ஆயினும் மாவு அரைபடுகிறது. நீர் இழந்தது தன் அளவை அன்று. தான் இருந்த உயரத்தை. வினாடிக்கு எவ்வளவு நீர் விழுகிறது என்பது மட்டும் தெரிந்தால், எவ்வளவு மாவு அரைபடும் என்று சொல்லிவிட முடியாது. எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்பதும் தெரியவேண்டும். இரண்டையும் பெருக்கினால்தான் வேலை நடக்கும் வேகம் கிடைக்கும்.

மின்சுற்றிலும் இதே கதைதான். நீரின் ஓட்டத்திற்கு ஒப்பானது, ஆம்பியரில் அளக்கப்படும் மின்னோட்டம். விழும் உயரத்திற்கு ஒப்பானது, வோல்ட்டில் அளக்கப்படும் மின்னழுத்தம். இரண்டின் பெருக்கற்பலனே, வாட்டில் அளக்கப்படும் மின்திறன். இன்று பள்ளி மாணவரும் ஒரே வரியில் எழுதிவிடும் இந்த வாய்பாடு முதன்முதலில் வாய்பாடாக வரவில்லை. வெந்நீராக வந்தது!

நீரைச் சூடாக்கிய கம்பிச்சுருள்

ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிவந்த கியார்க் சைமன் ஓம், மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை ஆகிய மூன்றுக்கும் உள்ள தொடர்பை 1827-இல் நூலாக வெளியிட்டார். அவருடைய நாட்டில் அது உடனே மதிப்புப் பெறவில்லை. 1841-இல்தான் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்லி பதக்கம் அளித்தது.

அதே சமயத்தில் இங்கிலாந்தில், மான்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டில், ஓர் இளைஞர் வேறொரு கணக்கில் மூழ்கியிருந்தார். அவர் பெயர் ஜேம்ஸ் பிரஸ்காட் ஜூல். அவருடைய தந்தைக்குச் சொந்தமாக பீர் வடிக்கும் ஆலை ஒன்று இருந்தது. நீராவி எஞ்சினுக்குப் பதிலாக மின்கலத்தால் ஓடும் மோட்டாரைப் பயன்படுத்தினால் செலவு குறையுமா என்பது அவருடைய கேள்வி. வணிகக் கேள்விதான். ஆனால் அதற்கு விடை காணப் புறப்பட்டவர் இயற்பியலின் அடிப்படை விதி ஒன்றில் போய் முட்டினார்.

1840-இல், தம் 21-ஆம் வயதில், ஜூல் கம்பிச்சுருள் ஒன்றை நீரில் மூழ்கவைத்து அதன் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தினார். நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று வெப்பமானியால் அளந்தார். மின்னோட்டம் இரு மடங்கானபோது வெப்பம் இரு மடங்காகவில்லை, நான்கு மடங்காயிற்று. மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. அதாவது, ஒரு கம்பியில் வினாடிதோறும் தோன்றும் வெப்பம் அதன் மின்தடைக்கும் மின்னோட்டத்தின் இருமடிக்கும் நேர்விகிதத்தில் இருக்கிறது. இதனை அவர் 1841-இல் கட்டுரையாக வெளியிட்டார்.

இப்போது ஓமையும் ஜூலையும் சேர்த்துப் பாருங்கள். மின்னோட்டம் × மின்தடை = மின்னழுத்தம் என்கிறார் ஓம். மின்னோட்டம் × மின்னோட்டம் × மின்தடை என்கிறார் ஜூல். ஆகவே ஜூலின் வெப்பம் என்பது மின்னோட்டம் × மின்னழுத்தம் என்பதன்றி வேறில்லை. நீர்ச்சக்கரத்தின் கணக்கு கம்பிச்சுருளிலும் வந்து நிற்கிறது!

ஜூலின் வணிகக் கேள்விக்கு விடை என்னவாயிற்று? ஒரு பவுண்டு நிலக்கரி நல்ல நீராவி எஞ்சினில் செய்யும் வேலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான், ஒரு பவுண்டு துத்தநாகம் மின்கலத்தில் கரைந்து மோட்டார் வழியே செய்கிறது என்று கண்டார். துத்தநாகமோ நிலக்கரியைவிடப் பன்மடங்கு விலை கூடியது. எனவே மோட்டார் ஆசையைக் கைவிட்டார். ஆலை நட்டப்படவில்லை, அறிவியல் லாபமடைந்தது.

அளவுகளுக்குப் பெயர் சூட்டினர்

ஜூலின் காலத்தில் ஆம்பியரும் இல்லை, வோல்ட்டும் இல்லை. ஒவ்வோர் ஆய்வாளரும் தமக்குத் தோன்றிய அளவுகளைப் பயன்படுத்தினர். கடலடித் தந்திக் கம்பிகள் போடப்பட்ட பிறகு, ஒரு நாட்டில் அளந்ததை இன்னொரு நாட்டில் சரிபார்க்கவேண்டிய கட்டாயம் வந்தது. 1881-இல் பாரிஸ் நகரில் கூடிய மின்னியலாரின் பன்னாட்டு மாநாடு, ஓம், வோல்ட், ஆம்பியர், கூலும், பாரட் ஆகிய பெயர்களை ஏற்றுக்கொண்டது.

பட்டியலைக் கவனியுங்கள். மின்தடைக்குப் பெயர் உண்டு, அழுத்தத்துக்கு உண்டு, ஓட்டத்துக்கு உண்டு. திறனுக்கு இல்லை. விற்கவேண்டிய சரக்குக்கு மட்டும் பெயர் வைக்க மறந்துவிட்டார்கள்!

மறு ஆண்டு, 1882 ஆகஸ்டு மாதம், இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் நகரில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் சங்க மாநாட்டில் தலைமையுரை ஆற்றிய வில்லியம் சீமென்ஸ் இந்தக் குறையை எடுத்துக்காட்டினார். ஒரு வோல்ட் அழுத்தத்தில் ஓர் ஆம்பியர் ஓடும்போது உள்ள திறனுக்கு ‘வாட்’ என்று பெயரிடலாம் என்றார். நீராவி எஞ்சினைச் செப்பனிட்ட ஜேம்ஸ் வாட்டின் நினைவாக எழுந்த பெயர் இது.

வாட் மின்சாரத்தோடு தொடர்புடையவரே அல்லர். மின்னோட்டத்துக்குக் காந்த விளைவு உண்டு என்று எர்ஸ்டெட் கண்டுபிடித்தது 1820-இல். வாட் மறைந்தது 1819-இல். ஆயினும் பெயர் பொருத்தமானதே. தம் எஞ்சினை வாங்க வந்தவர்கள் ‘இது எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும்?’ என்று கேட்டதால், குதிரைத்திறன் என்ற அளவை வகுத்துக் கொடுத்தவர் அவர். வேலையின் வேகத்தை அளந்து விற்க வழிகாட்டியவர். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள்.

சீமென்ஸ் 1883-இல் காலமானார். பன்னாட்டு மாநாடு தம் பரிந்துரையை ஏற்றுக்கொண்டதைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

துத்தநாகத் தகட்டில் எழுதிய கணக்கு

சீமென்ஸ் பேசிய அடுத்த மாதமே, 1882 செப்டம்பர் 4-ஆம் நாள், நியூயார்க் நகரின் பேர்ல் தெருவில் தாமஸ் ஆல்வா எடிசன் தம் மின்நிலையத்தை இயக்கினார். முதலில் எரிந்தவை ஏறத்தாழ 400 விளக்குகள். மின்னழுத்தம் சுமார் 110 வோல்ட், நேர்திசை மின்னோட்டம். வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் போய்ச் சேர்ந்துவிட்டது. அளந்து காசு வாங்குவது எப்படி?

எடிசன் பாரடேயின் விதியை நாடினார். ஓர் உலோக உப்புக் கரைசலில் மின்னோட்டம் பாய்ந்தால் ஒரு தகட்டிலிருந்து உலோகம் கரைந்து மற்றத் தகட்டில் படியும். எவ்வளவு மின்னூட்டம் பாய்ந்ததோ அந்த அளவுக்கே படியும். எடிசனின் மீட்டரில் துத்தநாக சல்பேட்டுக் கரைசல் நிரப்பிய கண்ணாடிச் சாடியில் இரண்டு துத்தநாகத் தகடுகள் தொங்கின. வீட்டின் மின்னோட்டம் முழுவதையும் அதில் செலுத்தினால் தகடு விரைவில் தேய்ந்துவிடும். ஆகவே ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டும் பிரித்து அதன் வழியே விட்டனர். மாதந்தோறும் ஓர் ஆள் வந்து தகடுகளை எடுத்துச் சென்று, கழுவி, உலர்த்தி, நுட்பமான தராசில் நிறுப்பார். எடை எவ்வளவு மாறியிருக்கிறதோ அவ்வளவு கட்டணம். குளிர்காலத்தில் கரைசல் உறைந்துவிடாமலிருக்கப் பெட்டிக்குள் ஒரு விளக்கு தானே எரிந்து சூடேற்றும்படியும் அமைத்திருந்தனர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டில் எட்டு விளக்குகள். ஒவ்வொன்றும் முக்கால் ஆம்பியர் எடுப்பதாகக் கொள்வோம். மொத்தம் 6 ஆம்பியர். நாளைக்கு 4 மணி நேரம் வீதம் 30 நாட்களில் 120 மணி. ஆக 720 ஆம்பியர்-மணி. இதில் ஆயிரத்தில் ஒரு பங்கு 0.72 ஆம்பியர்-மணி. ஓர் ஆம்பியர்-மணிக்கு 1.22 கிராம் துத்தநாகம் படியும். ஆகவே ஒரு மாத மின்சாரத்துக்கும் சாட்சி, தகட்டின் மேலுள்ள 0.88 கிராம் துத்தநாகம்! நிறுக்கும்போது 0.01 கிராம் பிசகினால் கட்டணம் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் பிசகிவிடும்.

இதைவிடப் பெரிய குறை வேறொன்று. வீட்டுக்காரரால் இந்த மீட்டரைப் படிக்கவே முடியாது. முள் இல்லை, எண் இல்லை. கம்பெனி நிறுத்துச் சொன்னதே வேதவாக்கு.

ஆம்பியர் மட்டும் போதுமா?

எடிசனின் மீட்டர் அளந்தது ஆம்பியர்-மணியை, வாட்-மணியை அன்று. நீர்ச்சக்கரத்தின் மேல் விழுந்த நீரை அளந்தது, உயரத்தை அளக்கவில்லை. அழுத்தம் எப்போதும் 110 வோல்ட்டாகவே இருக்குமாறு மின்நிலையத்தில் பார்த்துக்கொள்வோம், ஆகவே ஆம்பியரை அளந்தாலே போதும் என்பது அதன் அடிப்படை. 720 ஆம்பியர்-மணியை 110-ஆல் பெருக்கினால் 79,200 வாட்-மணி. இன்றைய வழக்கில் 79.2 யூனிட்.

ஆனால் அழுத்தம் எல்லா இடத்திலும் எல்லா நேரத்திலும் ஒரே அளவாக இருக்குமா? மின்நிலையத்திலிருந்து தொலைவிலுள்ள வீட்டுக்குப் போகும் வழியிலேயே கம்பியின் தடையால் சில வோல்ட்டுகள் இழக்கப்படும். ஒரு வீட்டில் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டதாகக் கொள்ளுங்கள். விளக்கின் தடை மாறவில்லை என்று வைத்துக்கொண்டால், மின்னோட்டமும் பத்தில் ஒரு பங்கு குறையும். ஆம்பியர்-மணி மீட்டர் நூற்றுக்கு 90 பங்கு காசு கேட்கும். உண்மையில் அவருக்குக் கிடைத்த திறனோ 0.9 × 0.9 = 0.81, அதாவது நூற்றுக்கு 81 பங்குதான். விளக்கின் ஒளி அதைவிடவும் மோசமாக மங்கிப்போயிருக்கும். மங்கிய விளக்கின் கீழ் உட்கார்ந்திருப்பவர், தமக்கு வந்து சேராததற்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறார்!

முன்னும் பின்னும் ஓடும் மின்னோட்டம்

எடிசனின் மீட்டருக்கு இறுதி அடி வேறு திசையிலிருந்து வந்தது. 1885-இல் புடாபெஸ்ட் நகரின் கான்ஸ் தொழிற்சாலைப் பொறியாளர்களான சிபர்னோவ்ஸ்கி, பிளாத்தி, டேரி ஆகிய மூவரும் செம்மையான மின்மாற்றியை உருவாக்கினர். மறு ஆண்டு அமெரிக்காவில் வில்லியம் ஸ்டான்லி, கிரேட் பேரிங்டன் என்ற சிற்றூருக்கு மின்மாற்றிகளின் துணையால் ஒளியூட்டிக் காட்டினார். மாறுதிசை மின்னோட்டத்தின் காலம் தொடங்கிவிட்டது.

மாறுதிசை மின்னோட்டம் வினாடிக்குப் பலமுறை முன்னும் பின்னும் ஓடுவது. முன்னே ஓடும்போது படிந்த துத்தநாகம் பின்னே ஓடும்போது கரைந்துவிடும். மாத இறுதியில் நிறுத்தால் தகடு வைத்தது வைத்தபடியே இருக்கும். மின்சாரத்தை விற்கலாம், அளக்க முடியாது.

1888 ஏப்ரலில், பிட்ஸ்பர்க்கில் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியின் பொறியாளர் ஆலிவர் ஷாலன்பெர்கர் ஒரு வில்விளக்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து ஒரு சிறு சுருள்வில் கழன்று மின்காந்தத்தின் அருகே விழுந்தது. எடுக்கப் போனவர் நின்று கவனித்தார். வில் தானாகச் சுழன்றுகொண்டிருந்தது! மாறுதிசை மின்னோட்டம் உண்டாக்கிய சுழலும் காந்தப்புலமே அதற்குக் காரணம். அந்தக் காந்தப்புலத்தைப் பற்றி இத்தாலியின் டூரின் நகரில் கலிலியோ பெர்ராரிஸ் அதே ஆண்டு மார்ச்சில்தான் கட்டுரை வெளியிட்டிருந்தார். ஷாலன்பெர்கர் அந்தச் சுழற்சியைக் கொண்டு, முட்களால் எண்ணைக் காட்டும் மீட்டர் ஒன்றை அந்த ஆண்டிலேயே செய்துவிட்டார். வீட்டுக்காரர் தாமே படித்துப் பார்க்கக்கூடிய மீட்டர்.

ஆனால் அதுவும் ஆம்பியர்-மணியையே அளந்தது. விளக்குகள் மட்டுமே இருந்தவரை தவறு பெரிதாகத் தெரியவில்லை. மோட்டார்கள் வந்தபோது குட்டு வெளிப்பட்டது.

எப்படி? ஊஞ்சலில் குழந்தையை ஆட்டுவதை எண்ணிப் பாருங்கள். ஊஞ்சல் உங்களைவிட்டு விலகிப் போகும்போது தள்ளினால் உங்கள் உழைப்பு ஊஞ்சலுக்குப் போய்ச் சேரும். அது உங்களை நோக்கி வரும்போது தள்ளினால், அது உங்களையே பின்னுக்குத் தள்ளும். கொடுப்பதற்குப் பதில் வாங்கிக்கொள்கிறீர்கள். தள்ளும் விசையின் அளவும் ஊஞ்சலின் வேகமும் மட்டுமல்ல, இரண்டும் ஒத்துப்போகும் தருணமும் முக்கியம்.

மாறுதிசை மின்சுற்றில் அழுத்தமும் ஓட்டமும் இப்படித்தான். இழையுள்ள விளக்கில் இரண்டும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கும். மோட்டாரைப் போல இரும்பும் சுருளும் உள்ள கருவிகளில் மின்னோட்டம் அழுத்தத்துக்குப் பின்தங்கி வரும். அப்போது ஒவ்வொரு சுழற்சியிலும் சிறிது நேரம் கருவி வாங்கிய ஆற்றலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஆகவே வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் மட்டும் வாட் வந்துவிடாது. ‘திறன் காரணி’ எனப்படும் ஒரு பின்னத்தாலும் பெருக்கவேண்டும்.

வீட்டு எடுத்துக்காட்டு ஒன்று. சோக் வைத்த பழைய 40 வாட் டியூப் லைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது சுமார் 0.43 ஆம்பியர் இழுக்கும். 230 × 0.43 = 98.9. ஏறத்தாழ 99 வாட் என்று சொல்லத் தோன்றும். உண்மையில் குழாய்க்கும் சோக்குக்கும் சேர்த்துச் செலவாவது ஏறத்தாழ 50 வாட்தான். திறன் காரணி பாதியளவே. உங்கள் வீட்டில் ஆம்பியர்-மணி மீட்டர் இருந்திருந்தால் அந்த டியூப் லைட்டுக்கு இரு மடங்கு காசு கட்டியிருப்பீர்கள்!

பெருக்கல் போடும் இயந்திரம்

ஆக, நியாயமான மீட்டர் என்பது அழுத்தத்தையும் ஓட்டத்தையும் கணந்தோறும் பெருக்கி, வரும் விடைகளைக் கூட்டிக்கொண்டே போகவேண்டும். கணிப்பொறி இல்லாத காலத்தில் இதை யார் செய்வது?

அமெரிக்காவில் எலிஹு தாம்சன் 1889-இல் விடை கண்டார். இவரும் ஓர் ஆசிரியர்தான். பிலடெல்பியாவில் பள்ளியொன்றில் வேதியியல் கற்பித்துவிட்டு மின்தொழிலுக்கு வந்தவர். அவருடைய மீட்டர் உண்மையில் ஒரு சின்னஞ்சிறு மோட்டார். அசையாத சுருள்களின் வழியே வீட்டின் மின்னோட்டம் முழுவதும் பாயும். சுழலும் சுருளின் வழியே அழுத்தத்துக்கேற்ற ஒரு சிறு மின்னோட்டம் பாயும். இரு சுருள்களுக்கும் இடையே எழும் திருப்பு விசை இரண்டு மின்னோட்டங்களின் பெருக்கற்பலனுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வோல்ட் × ஆம்பியர் என்ற பெருக்கலைக் காந்த விசையே போட்டுவிடுகிறது!

ஆனால் விசை மட்டும் இருந்தால் மோட்டார் மேன்மேலும் வேகமெடுக்கும். ஆகவே அச்சில் ஒரு செம்புத் தட்டைப் பொருத்தி, அதை நிலைக்காந்தங்களின் இடையே சுழலவிட்டார். தட்டு விரைவாகச் சுழலச் சுழல அதில் தோன்றும் சுழல் மின்னோட்டங்கள் அதே விகிதத்தில் அதைத் தடுத்து இழுக்கும். தள்ளும் விசையும் தடுக்கும் விசையும் சமமாகும் வேகத்தில் தட்டு நிலைகொள்ளும். ஆகவே தட்டின் வேகம் வாட்டைக் காட்டும். சுற்றுகளின் எண்ணிக்கை வாட்-மணியைக் காட்டும். இது நேர்திசை, மாறுதிசை இரண்டுக்கும் பொருந்தியது.

அதே 1889-இல் புடாபெஸ்ட்டில் ஓட்டோ பிளாத்தி, மாறுதிசை மின்னோட்டத்துக்கென்றே, தூரிகைத் தொடர்புகள் எதுவுமின்றித் தூண்டலால் தட்டைச் சுழற்றும் வாட்-மணி மீட்டரை உருவாக்கினார். அதன் எடை 23 கிலோகிராம். ஷாலன்பெர்கரும் சும்மா இருக்கவில்லை. 1894-இல் தம் மீட்டரையும் வாட்-மணியை அளக்கும்படி மாற்றியமைத்தார்.

இன்னொரு பொருத்தத்தையும் பாருங்கள். 1889-இல்தான் பாரிஸில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு, ஆற்றலுக்கு ஜூல் என்றும் திறனுக்கு வாட் என்றும் பெயர்களை ஏற்றுக்கொண்டது. சரக்குக்குப் பெயரும் அதை அளக்கும் படியும் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தன.

ஆம்பியரை மட்டும் சொன்னால் போதாது என்பதற்கு 1899-இல் மேலும் ஒரு சான்று கிடைத்தது. பெர்லின் நகர மின் கம்பெனி, 110 வோல்ட்டிலிருந்து 220 வோல்ட்டுக்கு மாற முடிவு செய்தது. அதே கம்பியில் அதே ஆம்பியர் ஓடினாலும் இரு மடங்கு வாட் வந்து சேரும் என்பதே காரணம். ஐரோப்பாவின் மற்ற நகரங்களும் பின்னர் அவ்வழியே சென்றன. 110-ஐ ஒட்டிய அழுத்தத்திலேயே நின்றுவிட்டது அமெரிக்கா. இன்றும் அங்கே 120 வோல்ட். நமக்கு 230 வோல்ட். 1500 வாட் வெந்நீர்க் கெட்டில் அங்கே 12.5 ஆம்பியர் இழுக்கும். நம் வீட்டில் 6.5 ஆம்பியர்.

உங்கள் வீட்டுச் சுவரில்

கறுப்புப் புள்ளியிட்ட அலுமினியத் தட்டு மெல்லச் சுழலும் மீட்டரைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது பிளாத்தி, ஷாலன்பெர்கர் மீட்டர்களின் வழிவந்தது. இப்போது பெரும்பாலான வீடுகளில் மின்னணு மீட்டர் வந்துவிட்டது. தட்டு போய்விட்டது, பெருக்கல் போகவில்லை. வினாடிக்குப் பலமுறை அழுத்தத்தையும் ஓட்டத்தையும் அளந்து பெருக்கிக் கூட்டுவதே அதன் வேலையும்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. வாட் வந்துவிட்டதால் ஆம்பியரை மறந்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். மீட்டருக்கு வாட் தெரியும். சுவருக்குள் ஓடும் கம்பிக்கு வாட் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் தன் வழியே ஓடும் ஆம்பியர் மட்டுமே. 1840-இல் ஜூலின் கம்பிச்சுருள் சூடேறியது போலவே, மின்னோட்டத்தின் இருமடிக்கேற்ப அதுவும் சூடேறும். அதனால்தான் கருவிகளின் மேல் வாட் எழுதியிருக்கிறது. பிளக், பியூஸ், எம்.சி.பி. ஆகியவற்றின் மேல் ஆம்பியர் எழுதியிருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் பொறுப்பு உங்களுடையது.

மாற்றுவது எளிது. வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 4.3 ஆம்பியர். 2000 வாட் மின்னடுப்பு 8.7 ஆம்பியர். மோட்டார் உள்ள கருவிகளில் திறன் காரணி ஒன்றைவிடக் குறைவாதலால் ஆம்பியர் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

மறுபுறம், 6 ஆம்பியர் பிளக்கின் எல்லை 6 × 230 = 1380 வாட். 16 ஆம்பியர் பிளக்கின் எல்லை 3680 வாட். ஆகவே 1500 வாட் கெட்டிலைத் தனியாகச் செருகினாலே 6 ஆம்பியர் பிளக்குக்கு மிகை. ஒரே நீட்டிப்புப் பலகையில் இஸ்திரிப் பெட்டியையும் கெட்டிலையும் சேர்த்துச் செருகினால் 2500 வாட், 10.9 ஆம்பியர்! பலகையில் மூன்று துளைகள் இருக்கின்றன என்பதற்காக அது மூன்று கருவிகளைத் தாங்கும் என்று பொருளில்லை.

தளர்ந்துபோன பிளக் ஒன்றின் தொடர்பில் அரை ஓம் தடை இருப்பதாகக் கொள்ளுங்கள். 8.7 ஆம்பியர் ஓடினால் அங்கே தோன்றும் வெப்பம் 8.7 × 8.7 × 0.5 = ஏறத்தாழ 38 வாட். ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் இரும்பின் திறன் பெரும்பாலும் 25 முதல் 35 வாட்தான். உங்கள் சுவரில் பிளாஸ்டிக்குக்கு நடுவே ஒரு சால்டரிங் இரும்பைச் செருகிவைத்தது போன்ற நிலை அது. பிளக் கறுத்திருந்தால், கருகிய வாசனை வந்தால், கைக்குச் சூடாகத் தெரிந்தால், கணக்கு எங்கோ தவறிவிட்டது என்று பொருள். உடனே அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். பியூஸ் அடிக்கடி போகிறதே என்று தடித்த கம்பியைச் சுற்றிவிடுவது, நெருப்பை எச்சரிக்கும் காவல்காரனின் வாயைக் கட்டுவதாகும்.

நீங்களே செய்து பாருங்கள்

மீட்டரைத் தொடாமலே ஒரு சோதனை செய்யலாம். மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். அதன் அருகே, ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்ற எண் பொறித்திருக்கும். அது 3200 என்று வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். ஆகவே ஒருமுறை மின்னினால் 1125 ஜூல் செலவாகியிருக்கிறது. பத்து முறை மின்ன 45 வினாடி ஆனால், 11,250-ஐ 45-ஆல் வகுத்து 250 வாட் என்று அறியலாம். ஒரு மின்விசிறியை நிறுத்திவிட்டு மீண்டும் எண்ணுங்கள். வித்தியாசமே அந்த விசிறியின் திறன். எடிசனின் வாடிக்கையாளருக்குக் கிட்டாத வசதி இது. உங்கள் கணக்கை நீங்களே சரிபார்க்கிறீர்கள்.

இனி அந்த மாணவரின் கேள்விக்கு வருவோம். வந்த மின்னோட்டம் முழுவதும் திரும்பிப் போய்விடுகிறது என்பது உண்மைதான். ஆனால் உயரத்தில் வந்த நீர் பள்ளத்தில் போகிறது. 230 வோல்ட் அழுத்தத்தில் வந்த மின்னூட்டம், அந்த அழுத்தத்தை விளக்கிலும் விசிறியிலும் இறக்கிவைத்துவிட்டு வெறுங்கையோடு போகிறது. நாம் பணம் கட்டுவது வந்து போன விருந்தாளிக்கு அன்று. அவர் செய்துகொடுத்த வேலைக்கு. அந்த விருந்தாளி நடந்து வரும் பாதையைப் பழுதில்லாமல் வைத்துக்கொள்வது மட்டும் நம் பொறுப்பு.